ஓகஸ்ட் கடைசி: தக்காளி கருகுது, கோவா (முட்டைக்கோஸ்) வாடுது. இந்த நிலத்தில் இனி என்ன நடலாம்?

லயத்துக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் வீட்டுத்தோட்டம். முன்பு தேயிலை நின்ற சரிவு நிலம். மே கடைசியில் பிடித்த மழை இப்போதுதான் விட்டு விட்டுப் பெய்கிறது. மூன்று சிக்கல்கள்:

தக்காளிச் செடிகளில் இலை ஓரத்தில் இருந்து தண்ணீர் ஊறினமாதிரிக் கருமை பரவுகிறது. காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. தண்டிலும் கருப்புத் திட்டு, பச்சைக் காயில் கெட்டியான மண்ணிறத் திட்டு.

கோவா பகலில் வாடுகிறது, இரவில் நிமிர்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் விரல் தடிப்புக்கு வீங்கியிருக்கிறது.

கரட் முளைத்தும் வளரவில்லை. இலை ஊதா நிறம் ஏறி நிற்கிறது.

இதையெல்லாம் அழித்துவிட்டு செப்டெம்பரில் புதிதாக நட்டால் டிசம்பருக்குள், முடிந்தால் பொங்கலுக்கு முன், மரக்கறி எடுக்கலாமா? எதை எங்கே நடுவது? வீட்டில் அடுப்புச் சாம்பல் நிறைய இருக்கிறது, டொலமைற் சுண்ணாம்புத் தூளும் வாங்க முடியும்.

---

கான்வெட்டு:

தக்காளியில் இருப்பது பிந்திய வெளிறல். உருளைக்கிழங்கை அழிக்கும் அதே நோய். இலை பல மணிநேரம் ஈரமாகவே இருந்து குளிரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் செடி போய்விடும். கீழ் இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி விழுந்தால் அது முந்திய வெளிறல், அதற்கு இலை கிள்ளித் தப்பிக்கலாம். நீங்கள் சொல்வது அது இல்லை. தண்டு கருத்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. மங்கோசெப், செம்பு மருந்து எல்லாம் நோய் வருமுன் இலையைப் போர்த்துபவை. நோய் உள்ளே போனபின் அடித்தால் காசுதான் போகும். தினமும் மழை பெய்யும் இடத்தில் போர்வையும் கழுவப்பட்டுப் போய்விடும்.

மழை விட்ட ஒரு மத்தியானம் செடிகளை வேரோடு பிடுங்கி, அங்கேயே ஒரு சாக்கில் திணித்துக் கட்டுங்கள். தோளில் போட்டு நிலம் முழுக்க இழுத்துக்கொண்டு போனால் வித்திகளை நீங்களே தூவின கணக்கு. எரிக்கலாம், அல்லது 2 அடி ஆழத்தில் புதைக்கலாம். கொம்போஸ்ட் குழியில் போடவே கூடாது. திட்டு விழாத பச்சைக் காய்களை வீட்டுக்குள் பரப்பி வைத்துத் தினமும் பாருங்கள். பாதி வீட்டிலும் அழுகும், அழுகியதை உடனே எடுங்கள். நிலத்தில் விழுந்த பழத்தில் தானாக முளைக்கும் தக்காளியையும், அறுவடையில் தப்பிய கிழங்கில் வரும் உருளைக்கிழங்குச் செடியையும் பிடுங்கிவிடுங்கள். நோய் அடுத்த போகத்துக்குத் தாவும் பாலம் அவைதான்.

இந்த ஆண்டு அந்த நிலத்தில் மறுபடி தக்காளி வேண்டாம். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் காய்ந்த காலம். டிசம்பர் நடுப்பகுதியில் நாற்றுப் போட்டு, ஜனவரி கடைசியில் நட்டால் இலை காய்ந்திருக்கும்போதே காய் பிடிக்கும். மழையிலும் தக்காளி வேண்டும் என்றால் 6 அடி உயரத்தில் கூரைபோலப் பொலித்தீன் கட்டி, நான்கு பக்கமும் திறந்து விட வேண்டும். பக்கத்தையும் மூடினால் உள்ளே வியர்த்து அதே நோய்தான் வரும்.

கோவா வேர் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். ஒன்று மட்டும்: வீங்கின வேரை மண்ணில் விட்டு அழுக விடாதீர்கள். இன்றைக்கே முழுதாகத் தோண்டி எடுங்கள்.

---

நானுஓயா_மண்:

லயத்துக்கரை, உங்கள் கோவா, கரட் இரண்டுக்கும் மூலம் மண்ணின் புளிப்பு. தக்காளி நோய் வானத்தால் வந்தது. மற்ற இரண்டும் மண்ணால் வந்தவை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது சந்தோஷமாக வளரும். போதாததற்கு ஆண்டாண்டாகப் போட்ட அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணை இன்னும் புளிக்க வைத்திருக்கும். மரக்கறிக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். பி.எச். 5க்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். இருக்கிற பொசுபரசையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். கரட் இலை ஊதாவாவது அந்தப் பொசுபரசுப் பஞ்சத்தால்தான். குளிரும் ஈரமும் அதைக் கூட்டும். மேலும் மேலும் பசளை போட்டால் தீராது, முதலில் புளிப்பை இறக்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் வீடுகளில் நிற்கும் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, இளஞ்சிவப்பானால் புளிப்புக் குறைவு. உங்கள் லயத்தருகே ஒன்று நின்றால் கவனித்துப் பாருங்கள்.

கோவாவில் இருப்பது வேர் வீக்க நோய். சிறு மணிமணியாக முடிச்சு இருந்தால் அது வட்டப்புழு. விரல் தடிப்பில் வேரே ஊதினால் இது. பகலில் வாடி இரவில் நிமிர்வதும் இதன் அடையாளம்: வீங்கின வேரால் வெயில் நேரத்துக்குப் போதிய தண்ணீர் இழுக்க முடியாது. இதன் வித்திகள் 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். புளித்த, தண்ணீர் தேங்கும் மண்ணில்தான் அவை நீந்தி வேரைப் பிடிக்கும். ஆகவே பரிகாரம் இரண்டு: புளிப்பைக் குறைப்பது, தண்ணீரை வெளியேற்றுவது. கோவா குடும்பத்தில் நோக்கோல், பூக்கோவா, முள்ளங்கி, கடுகு எல்லாம் சேர்த்தி. கோவாவை விட்டு நோக்கோல் நட்டால் நோய்க்கு அதே சோறுதான். அந்தப் பாத்தியில் இந்தக் குடும்பத்தையே பல ஆண்டு மறந்துவிடுங்கள். கடுகுக் களையையும் விடாதீர்கள். மம்பட்டி, மண் கிளறும் முள்ளு, சப்பாத்து மூன்றையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். வாங்கும் நாற்றின் மண்ணோடும் இந்த நோய் வரும், அதனால் கோவா நாற்றின் வேரைப் பார்த்து வாங்குங்கள்.

டொலமைற் அளவு: சதுர மீற்றருக்கு 200 கிராம். உங்கள் 200 சதுர அடி ஏறக்குறைய 18.6 சதுர மீற்றர், ஆக 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்தை (செடியை வெட்டிவிடுவதை) ஒட்டிப் போடுகிற அதே டொலமைற்தான், ஆனால் தேயிலை அளவை இங்கே கொண்டுவர வேண்டாம். மாவுபோல் நொய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மணல்போல் இருந்தால் வேலை செய்ய மாதக்கணக்காகும். காற்றில்லாத நேரம் பரப்பி, 6 அங்குல ஆழத்துக்கு முள்ளால் கிளறி மண்ணோடு கலக்குங்கள். மேலே தூவிவிட்டு மழையை நம்பினால் மேல் ஒரு அங்குலம்தான் மாறும். போட்டு 2 வாரம் கழித்து நடலாம். அதற்குள் முழுப் பலன் வந்துவிடாது, படிப்படியாகத்தான் ஏறும். அவசரப்பட்டு அளவை இரட்டிக்காதீர்கள். 6 மாதம் கழித்து மண்ணைச் சோதித்து, தேவையானால் மறுபடி போடலாம். ஒரேயடியாகச் சுண்ணாம்பு கூடினால் போரோன் கட்டுப்பட்டு, பீட்ரூட்டின் உள்ளே கருப்பு விழும்.

சோதனைக்கு: 5 அல்லது 6 இடத்தில் 6 அங்குல ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோங்கள். டொலமைற் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் எங்கே கொடுப்பது என்று கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்தும் கேட்கலாம்.

---

லயத்துக்கரை:

ரொம்ப நன்றி. அப்படியானால் சாம்பலையும் டொலமைற்றையும் கோழி எருவையும் ஒரே நாளில் போட்டுக் கொத்திவிடலாமா? இங்கே சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு வேலையாக முடிந்துவிடும் என்று பார்க்கிறேன்.

---

நானுஓயா_மண்:

வேண்டாம். கோழி எருவும் யூரியாவும் டொலமைற்றோடோ சாம்பலோடோ சேர்ந்தால் நைதரசன் அமோனியா வாயுவாகப் போய்விடும். மூக்கில் ஏறும் அந்த நெடி நீங்கள் காசு கொடுத்து வாங்கின பசளைதான். முதலில் டொலமைற், 2 வாரம் கழித்து மக்கின எரு. கோழி எரு என்றால் நன்றாக மக்கி, சூடு இறங்கி, நெடி இல்லாததாக இருக்க வேண்டும். சதுர மீற்றருக்கு அரைக் கிலோ. மாட்டெரு அல்லது கொம்போஸ்ட் என்றால் 2 கிலோ. கரட் போடும் பாத்திக்கு எருவே வேண்டாம், பச்சை எரு பட்டால் கிழங்கு இரண்டாக மூன்றாகப் பிளக்கும். முந்திய பயிருக்குப் போட்ட எரு அதற்குப் போதும்.

சாம்பலும் புளிப்பைத்தான் இறக்கும், கூடவே பொட்டாசியம் தரும். டொலமைற் முழு அளவும் போடுகிறீர்கள், ஆகவே சாம்பலைச் சதுர மீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் போகவிடாதீர்கள். மழையில் நனைந்த சாம்பலில் பொட்டாசியம் கரைந்து போயிருக்கும், தகரத்தில் மூடி வைத்ததுதான் சாம்பல். தேயிலை மிலாறு (வெட்டின சிறு கிளை), விறகு எரித்த சாம்பல் நல்லது. பொலித்தீனோ சாயம் பூசின பலகையோ எரித்தது வேண்டாம். உருளைக்கிழங்கு போட நினைக்கும் இடத்தில் சாம்பலும் டொலமைற்றும் குறைவாகவே இருக்கட்டும், கூடினால் தோலில் சொறி விழும்.

தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் கலவைப் பசளையையும் மரக்கறிக்குக் கொண்டுவராதீர்கள். நைதரசன் தூக்கலாக உள்ள கலவை அது. கரட்டும் பீட்ரூட்டும் இலையாகப் போய்க் கிழங்கு சிறுக்கும்.

---

கான்வெட்டு:

மண் சரி, இப்போது தண்ணீர். செப்டெம்பரில் மழை ஓய்ந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும் மழை ஒரு மணிநேரத்தில் கொட்டுவது, ஜூலைத் தூறல் ஒரு நாள் முழுக்கத் தருவதைவிட அதிகம். புதிதாகக் கொத்தின சரிவு மண் அதோடு போய்விடும். ஆகவே எந்த விதையும் போடுமுன் கானை (வடிகாலை) வெட்டுங்கள்.

உங்கள் நீளமான 20 அடிப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். சரிவு இறங்கும் 10 அடியில் இரண்டரை அடி அகலத்தில் 3 பாத்தி, ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கத்தில் 10 அங்குல அகலக் கான் ஒன்று. கணக்குச் சரியாக 10 அடி வரும். கானே நடைபாதை. ஆழம் 9 அங்குலம். தேயிலைக் கானுக்குச் சரிவு 120க்கு 1, அதே கணக்கில் 20 அடிக்கு 2 அங்குலம் இறங்கினால் போதும். அதைவிடச் செங்குத்தாக வெட்டினால் தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு ஓடும். கானுக்குள் 10 அடிக்கு ஒரு குழி விடுங்கள். பெரிய மழைக்குப் பிறகு அதில் தங்கும் வண்டல்தான் உங்கள் நிலத்தின் மேல்மண், வாரிப் பாத்தியில் திருப்பிப் போடுங்கள். கீழ்ப்பாத்தியின் ஓரத்துக்குக் கல் அடுக்கலாம், அல்லது எலுமிச்சம்புல் ஒரு வரிசை. லயத்துச் சுவர்ப் பக்கம் கானைத் திருப்பி விடாதீர்கள். அத்திவாரத்தில் தண்ணீர் ஏறும்.

கோவா இருந்த பாத்தியின் தண்ணீர் மற்றப் பாத்தி வழியாக இறங்கக் கூடாது. அது மேலே இருந்தால் அதன் கான் நேரே வெளியே போகும்படி வெட்டுங்கள், வித்தி தண்ணீரோடுதான் பயணம் செய்யும்.

---

போஞ்சிக்கொடி:

எதை எங்கே என்று கேட்டீர்கள். என் பரிந்துரை: தக்காளி இருந்த பாத்தியில் கரட், கோவா இருந்த பாத்தியில் போஞ்சி (பீன்ஸ்), மூன்றாவதில் லீக்ஸும் சலாதும் (லெட்யூஸ்). இவை எதற்கும் கோவா நோய் தொற்றாது.

கரட்: நியூ குரோடா உங்கள் உயரத்துக்குச் சரி. பாத்தி நீளத்துக்கு 3 வரிசை, இடைவெளி 25 சென்ரிமீற்றர், விதை ஆழம் 1 சென்ரிமீற்றர். உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். 5 கிராம் விதை தாராளம். முளைக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை மேல்மண் இறுகாமல் பார்க்க வேண்டும்: மானாப்புல்லை மெல்லியதாகப் பரப்பி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பிந்தினால் முளை வெளுத்து நீண்டுவிடும். 3, 4 வாரத்தில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். இதில் இரக்கப்பட்டால் எல்லாமே விரல் கரட்டாகத்தான் வரும். தோள் வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், இல்லாவிட்டால் பச்சையாகிக் கசக்கும். செப்டெம்பர் 15க்குள் போட்டால் டிசம்பர் கடைசியில் கிழங்கு. ஒக்டோபர் இடிமழைக்கு முன் முளை வேர் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தேதி.

போஞ்சி: சின்ன நிலத்துக்குக் கொடிப் போஞ்சிதான் இலாபம். கெப்பெட்டிபொல நீல், பண்டாரவளை கிறீன் இரண்டும் கொடி. காற்று அதிகம் என்றால் டொப் குரொப் போன்ற செடிப் போஞ்சி. விதையை ஊறப்போடாதீர்கள், குளிர்ந்த ஈர மண்ணில் ஊறின விதை அழுகும். ஓர் அங்குல ஆழம், 4 அங்குலத்துக்கு ஒரு விதை, பாத்திக்கு 2 வரிசை. கொடிக்கு 7 அடிக் கம்பு வேண்டும், தேயிலை மிலாறு உயரம் காணாது. முளைத்து 2 வாரத்தில் தண்டின் அடி வீங்கி வெடித்துச் செடி மஞ்சளானால் போஞ்சி ஈயின் புழு. அதற்கு நல்ல கைவைத்தியம் 10 முதல் 14 நாளில் தண்டின் அடியில் மண் அணைப்பது: காயத்துக்கு மேலே புதுவேர் விட்டுச் செடி பிழைக்கும். கொடிப் போஞ்சியில் 60 முதல் 65 நாளில் முதல் காய் ஆயலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆய வேண்டும், முற்றவிட்டால் பூப்பது நின்றுவிடும். இலை ஈரமாக இருக்கும்போது கொடிக்குள் கை வைக்காதீர்கள், துரு நோய் கையோடு பரவும்.

லீக்ஸ்: விதையில் இருந்து தொடங்கினால் பொங்கலைத் தாண்டிவிடும். பென்சில் தடிப்பில் நாற்று வாங்கி, 6 அங்குலம் ஆழச் சாலில் நட்டு, வளர வளர மண்ணை நிரப்புங்கள். அப்போதுதான் வெள்ளைத் தண்டு நீளும். நடுவில் சலாது வைத்தால் 6, 7 வாரத்தில் எடுத்துவிட்டு லீக்ஸுக்கு இடம் விடலாம். சலாதுக்கு ஓடில்லாத நத்தை வரும். சாயங்காலம் பாத்தியோரம் நனைந்த சாக்கு ஒன்றை விரித்து, விடிந்ததும் புரட்டி அள்ளுங்கள். சாம்பல் வளையம் காய்ந்திருக்கும்வரைதான் தடுக்கும், ஒரு மழையோடு சரி. உப்புப் போட்டால் நத்தையோடு மண்ணும் கெடும்.

---

வெலிமடைக்காரி:

இதைப் படிக்கும் ஊவா மாகாணப் பக்கத்து ஆட்களுக்காக ஒரு வார்த்தை. மேலே சொன்னது மேற்குச் சரிவுக்கு. வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஓகஸ்டில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் வரட்சியும்தான். நமக்குக் கான் இரண்டாவது வேலை, தண்ணீர் முதல் வேலை.

ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். காற்றுள்ள காய்ந்த நாளில் 4 முதல் 5 மில்லிமீற்றர் ஆவியாகப் போகும், அதாவது லயத்துக்கரை சொன்ன அளவு நிலத்துக்கு 80 லீற்றர் அளவில். பீலித் தண்ணீர் அவ்வளவு வராவிட்டால் நிலம் முழுவதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட ஒரு பாத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுவது மேல். மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, ஒரு நாள் தவறினாலும் வாடும். விடிகாலையில் ஊற்றுங்கள். மானாப்புல், காட்டுச் சூரியகாந்தி இலை 3 அங்குலத் தடிப்பில் மூடாக்கு; தண்டை ஒட்டாமல் 2 அங்குலம் விடுங்கள். காட்டுச் சூரியகாந்தியைப் பூ முற்றுமுன் வெட்டுங்கள், விதை விழுந்தால் பாத்தி முழுக்க அதுதான். காற்று வரும் பக்கம் சாக்குத் தட்டி கட்டினால் தண்ணீர்த் தேவையே குறையும். முழுச் சுவர்போல் அடைக்காமல் காற்றுக் கசியும்படி கட்ட வேண்டும், அடைத்தால் சுழன்று அடுத்த பக்கம் விழுந்து செடியை முறிக்கும்.

தக்காளி பற்றி ஒன்று. நம் பக்கம் தக்காளி திடீரென்று பச்சையாகவே வாடிச் செத்தால் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். தண்டின் அடியை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல் நூல் இறங்கினால் பக்டீரியா வாடல். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கையும் நிறுத்திவிட்டுக் கரட், லீக்ஸ், கோவா என்று மாற வேண்டும். நம் கோவாப் பாத்தியில் வேர் வீக்கம் இல்லாதவரை அந்த மாற்றம் நல்லது.

---

லயத்துக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: டொலமைற் போட்ட அந்த 2 வாரமும் நிலம் வெறுமையாகக் கிடக்கலாமா?

---

கான்வெட்டு:

கிடக்கக் கூடாது. கிளறி முடித்த அன்றே மானாப்புல்லால் மூடுங்கள், நடும் நாளில் ஒதுக்கிக்கொள்ளலாம். வரிசை இதுதான்: இந்த வாரம் செடி அகற்றி, மண் மாதிரி எடுத்து, கான், பாத்தி வெட்டி, டொலமைற் கிளறி மூடுங்கள். லீக்ஸ் நாற்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், செப்டெம்பரில் எல்லாரும் தேடுவார்கள். 2 வாரம் கழித்து, கரட் பாத்தியைத் தவிர மற்ற இரண்டுக்கும் எரு போட்டு அடுத்த நாளே நடலாம். காட்டுப்பன்றியோ முள்ளம்பன்றியோ வரும் இடம் என்றால் வேலியை விதை போடுமுன் கட்டுங்கள். கிழங்கு வைத்தபின் கட்டினால் அவை வழி பழகியிருக்கும்.